ஊஞ்சல் ஷாட்டில் சீப்புப் பல்: இன்டர்லேஸ்டும் ப்ரோக்ரெசிவும் ஒரே டைம்லைனில்

நாடாப்பெட்டி:

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், யாராவது கரையேற்றுங்கள்.

வீட்டுக்காக 20 நிமிடப் படம் ஒன்று வெட்டுகிறேன். கையில் இருப்பது நாலு வகைச் சரக்கு. 2002இல் மினி டிவி (MiniDV) டேப்பில் எடுத்தது, ஃபயர்வயர் வழியாகக் கேப்சர் செய்தேன், 720க்கு 576. 2010 வாக்கில் ஒரு ஹேண்டிகேமில் எடுத்த ஏவிசிஎச்டி கோப்பு, 1080ஐ (1080i; ஐ என்றால் இன்டர்லேஸ்டு, ஒரு படத்தை இரண்டு அரைப்படங்களாகப் பதிவது). புது கேமராவில் 1080, 25பி (25p; பி என்றால் ப்ரோக்ரெசிவ், முழுப்படமாகவே பதிவது). நாலாவது, போனில் எடுத்த துண்டுகள்.

படத்தின் உயிர் ஒரே ஒரு கட்டில் இருக்கிறது. 2002இல் அக்கா மகள் ஊஞ்சலாடுகிறாள். அந்த ஊஞ்சல் முன்னால் வந்து உச்சியில் நிற்கும் நொடியில் வெட்டி, அதே ஊஞ்சலில் இன்று அவளுடைய மகள் ஆடுவதற்குப் போகிறேன். டைம்லைன் 1080, 25பி.

பழைய ஷாட்டில் கை, தலைமுடி, ஊஞ்சல் கயிறு எல்லாவற்றிலும் படுக்கைவாட்டில் சீப்புப் பல் மாதிரி கோடு. சரி, ஃபீல்டு (அரைப்படம்) விஷயம்தானே என்று ரெண்டர் செட்டிங்கில் அப்பர் ஃபர்ஸ்ட், அதாவது மேல் ஃபீல்டு முதலில், என்று போட்டுப் பார்த்தேன். டிவியில் ஓடவிட்டால் ஊஞ்சல் முன்னும் பின்னும் உதறுகிறது, பார்க்கவே தலை சுற்றுகிறது. இதில் வேடிக்கை, அதே டேப் கோப்பைத் தனியாக விஎல்சி பிளேயரில் போட்டால் கோடே இல்லை. கேப்சர் சரிதான் என்றால் தப்பு எங்கே?

ரெண்டர்ராத்திரி:

பாஸ், இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன். எல்லா கிளிப்பையும் செலக்ட் பண்ணுங்க, டீஇன்டர்லேஸ் (அரைப்படத்த முழுப்படமா மாத்தறது) ஆன், மோடு பிளெண்ட். முடிஞ்சது. நான் பத்து வருஷமா ஃபங்ஷன் வீடியோ இப்படித்தான் கொடுக்கறேன், ஒரு கஸ்டமர் கூட வாய் திறந்ததில்ல.

இரட்டைப்படை:

நாடாப்பெட்டி, தயவுசெய்து எல்லாவற்றையும் செலக்ட் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் டேப்பில் நொடிக்கு 25 படம் இருப்பதாக எடிட்டர் காட்டும். உண்மையில் அங்கே இருப்பது நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில் பதிவானவை, இரட்டைப்படை வரிகள் அதிலிருந்து 20 மில்லிநொடி வித்தியாசத்தில் பதிவானவை. இரண்டையும் ஒரே ஃப்ரேமில் பின்னி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஊஞ்சல் உச்சியில் நிற்கும்போது இரண்டு அரைப்படங்களும் ஒன்றாகவே இருக்கும், கோடு தெரியாது. கீழே வரும்போதுதான் வேகம் அதிகம். நொடிக்கு 500 பிக்சல் நகர்கிறதென்று வைத்தால் 20 மில்லிநொடியில் 10 பிக்சல். 720 அகலத்தை 1080 டைம்லைனில் உயரத்துக்குப் பொருத்தி நிறுத்தினால் 1440 ஆகும், பல்லின் நீளம் 20 பிக்சல். நீங்கள் பார்ப்பது அதைத்தான். அது பழுது இல்லை, இரண்டு வேறு கணங்கள் ஒரே படத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

பிளெண்ட் என்பது அந்த இரண்டு கணங்களையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டுக் குழப்பிவிடும். கோடு போய்விடும், பதிலுக்குக் குழந்தைக்கு நாலு கை வரும். ஒன்று முன்னால், ஒன்று பேய் மாதிரிப் பின்னால். அந்தக் கோப்பிலிருந்து பழையதைத் திரும்பப் பிரித்தெடுக்கவும் வழியில்லை.

விஎல்சியில் கோடு தெரியாததற்குக் காரணம் எளிது. டீஇன்டர்லேஸ் அதில் தானியங்கியாக இருக்கும், கோப்பு இன்டர்லேஸ்டு என்று சொன்னால் தானே சரிசெய்து காட்டிவிடும். சோதனைக்கு அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். எடிட்டரிலும் கிளிப்பை 100 சதவீத அளவில் வைத்து, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். பிரிவியூவைச் சுருக்கி வைத்திருந்தால் அதுவே பல்லை மறைக்கும்.

நாடாப்பெட்டி:

அணைத்துப் பார்த்தேன். சீப்பு நன்றாகவே தெரிகிறது. உச்சியில் சுத்தம், இறங்க இறங்கப் பல் நீள்கிறது, அப்படியே நீங்கள் சொன்ன மாதிரி.

ஆனால் 2010 கிளிப்பில் ஒரு பல்லைக்கூடக் காணோம். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் பார்த்தால் அதுவும் இன்டர்லேஸ்டு, டாப் ஃபீல்டு ஃபர்ஸ்ட் என்கிறது. ஓடுகிற நாய், வீசுகிற பந்து எல்லாம் பார்த்துவிட்டேன். யார் பொய் சொல்கிறார்கள்?

மௌனகேமரா:

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் ஐடெட் என்றொரு ஃபில்டர் இருக்கிறது. கோப்பின் மேல் என்ன முத்திரை குத்தியிருக்கிறது என்று பார்க்காது, படத்தின் வரிகளைத் தானே ஒப்பிட்டு ஒவ்வொரு ஃப்ரேமும் என்ன வகை என்று எண்ணும். ஒவ்வொரு மூலத்திலிருந்தும் அசைவு நிறைய உள்ள ஒரு நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். அசையாத காட்சியைக் கொடுத்தால் அதனால் வகையைத் தீர்மானிக்க முடியாது, அதில் ஏமாறாதீர்கள்.

நாடாப்பெட்டி:

ஓட்டினேன். 1500 ஃப்ரேமுக்கு வந்த கணக்கு இது:

2002 டேப்: டாப் ஃபர்ஸ்ட் 0, பாட்டம் ஃபர்ஸ்ட் 1431, ப்ரோக்ரெசிவ் 52, தெரியாதவை 17.

2010 ஹேண்டிகேம்: டாப் ஃபர்ஸ்ட் 9, பாட்டம் ஃபர்ஸ்ட் 3, ப்ரோக்ரெசிவ் 1466, தெரியாதவை 22.

இரட்டைப்படை:

இரண்டு முடிச்சும் அவிழ்ந்துவிட்டது.

டேப்பில் ஆச்சரியம் இல்லை. டேப்பின் டிவி (DV) வடிவம் எப்போதும் லோயர் ஃபர்ஸ்ட், ஐடெட் பாட்டம் என்பது இதைத்தான். எச்டிவி (HDV), ஏவிசிஎச்டி இரண்டும் அப்பர், அதாவது டாப் ஃபர்ஸ்ட். நீங்கள் ரெண்டரில் அப்பர் என்று போட்டதும் டிவிப் பெட்டி இரண்டாவது ஃபீல்டை முதலில் காட்டிவிட்டது. 1, 2, 3, 4 என்று வர வேண்டிய கணங்கள் 2, 1, 4, 3 என்று வருகின்றன. ஒரு அடி பின்னால், மூன்று அடி முன்னால். அதுதான் அந்த உதறல். சீப்புப் பல் என்பது வேறு நோய், உதறல் வேறு நோய். மருந்தும் வேறு. நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்து மோசமாக்குகிறார்கள்.

ஹேண்டிகேமில் சினிமா மோடு மாதிரி ஏதோ ஆன் ஆகி இருந்திருக்கிறது. சென்சார் 25 முழுப்படம்தான் எடுத்தது. கோப்பு வடிவத்துக்காக ஒவ்வொரு முழுப்படத்தையும் இரண்டு ஃபீல்டாகக் கிழித்து 50ஐ (50i) உறையில் போட்டுவிட்டது. இரண்டு பாதியும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை, சேர்த்தால் முழுப்படம் அப்படியே கிடைக்கும். இதன்மேல் டீஇன்டர்லேஸ் போட்டால் நல்ல படத்தில் பாதி வரிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, எறிந்த இடத்தை ஊகத்தால் நிரப்புகிறீர்கள். கூரை விளிம்பு, எழுத்து, கம்பி வேலி எல்லாம் படிக்கட்டு ஆகும். அதனால்தான் எல்லாவற்றையும் செலக்ட் செய்ய வேண்டாம் என்று முதலிலேயே கத்தினேன்.

அந்தக் கிளிப்புக்குச் செய்ய வேண்டியது ஒன்றே: எடிட்டரிடம் இது ப்ரோக்ரெசிவ் என்று சொல்லிவிடுவது. எடிட்டரைப் பொறுத்து அதற்கான இடம்: பிரீமியரில் இன்டர்ப்ரெட் ஃபூட்டேஜ், ரிசால்வில் கிளிப் ஆட்ரிபியூட்ஸ், கேடென்லைவில் கிளிப் ப்ராப்பர்ட்டீஸ்.

வெட்டுமேசை:

நல்ல இழை. டேப்பிலிருந்து டேப்புக்கு வெட்டிய காலத்து ஆள் என்பதால் ஒரு துணுக்கு சேர்க்கிறேன்.

இன்டர்லேஸ்டு கிளிப்பை அப்படியே டைம்லைனில் வைத்து ஒரே ஒரு வரி மேலே நகர்த்திப் பாருங்கள். ஃபீல்டு வரிசை தலைகீழாகிவிடும். இரட்டைப்படை வரியில் இருந்தது ஒற்றைப்படைக்குப் போகிறதல்லவா. மேலே ஒரு வரி கிராப் செய்தாலும் இதே கதி. இரண்டு வரி நகர்த்தினால் ஒன்றும் ஆகாது. ஒரு முறை ஒரு நாள் முழுக்க கேபிளையும் மானிட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் உதவியாளர் தலைக்கு மேல் இடம் போதவில்லை என்று படத்தை 3 வரி இறக்கியிருந்தார்.

பெரிதாக்குவது, சுழற்றுவது, ஸ்டெபிலைஸ் செய்வது எல்லாம் இன்டர்லேஸ்டு படத்தின்மேல் நேரடியாகக் கூடவே கூடாது. 576 வரியை 1080 ஆக்கும்போது மென்பொருள் பக்கத்து வரிகளைக் கலந்துதான் புது வரி உண்டாக்கும். பக்கத்து வரி என்பது இங்கே வேறு கணம். கலந்த பிறகு பல் மெல்லிய கோடாக இருக்காது, தடித்த பட்டையாகும், எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. யாரோ அப்படிப் பெரிதாக்கிக் கொடுத்த கோப்பு வந்தால் நான் மூலத்தைத்தான் கேட்பேன். மூலம் இல்லை என்றால் அந்த ஷாட் இல்லாமல் வெட்டப் பார்ப்பேன்.

ஆக வரிசை: முதலில் ஃபீல்டைப் பிரி, பிறகு பெரிதாக்கு, பிறகு மற்றது.

நாடாப்பெட்டி:

புரிகிறது. எதைக் கொண்டு பிரிப்பது? எடிட்டரில் இருக்கும் டீஇன்டர்லேஸ் பெட்டியை டிக் செய்தால் போதாதா?

இரட்டைப்படை:

அவசரத்துக்குப் போதும். ஆனால் பல எடிட்டர்கள் ஒரு ஃபீல்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சமுள்ள 288 வரியை நீட்டி வைத்துவிடும். டேப்பில் இருப்பதே 576 வரி, அதிலும் பாதியா என்று இருக்கும்.

வெளியே செய்யுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் யாடிஃப் அல்லது பிடபிள்யூடிஃப் என்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டர். ஃபீல்டுக்கு ஒரு ஃப்ரேம் என்ற மோடில் ஓட்டினால் 25 ஃப்ரேம் கோப்பிலிருந்து நொடிக்கு 50 முழு ஃப்ரேம் வரும். ஒரு கணமும் வீணாகாது. பொறுமை இருந்தால் ஏவிஐசிந்த் அல்லது வேப்பர்சிந்த் மென்பொருளில் ஓடும் க்யூடிஜிஎம்சி. அக்கம்பக்க ஃபீல்டுகளில் அசைவைத் தொடர்ந்து பார்த்து விட்டுப்போன வரிகளை நிரப்பும். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஊஞ்சல் கயிறு மாதிரி மெல்லிய சாய்வுக் கோடுகளில் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். விளைவை எடிட்டிங்குக்கான ப்ரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதில் ஓட்டினாலும் ஃபீல்டு வரிசை லோயர் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். கோப்பில் முத்திரை இல்லையென்றால் சில கருவிகள் தாமாகவே அப்பர் என்று எடுத்துக்கொள்ளும்.

போன் துண்டுகளை மறந்துவிடாதீர்கள். அவற்றில் ஃப்ரேம் வேகம் நிலையாக இருக்காது, வெளிச்சம் குறைந்தால் தானாகக் குறையும். நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் உதட்டுக்கும் ஒலிக்கும் சண்டை வரும்.

ரெண்டர்ராத்திரி:

சரி, நான் ஒரு பழைய டேப் எடுத்து பிளெண்ட் ஒண்ணு, பிடபிள்யூடிஃப் ஒண்ணு போட்டுப் பார்த்தேன். டான்ஸ் ஆடற சீன்ல நிறுத்திப் பார்த்தா பிளெண்ட்ல எல்லாருக்கும் நாலு கைதான். ஒத்துக்கறேன். பத்து வருஷமா யாரும் வாய் திறக்கலைன்னா அவங்க நிறுத்திப் பார்க்கலைன்னு அர்த்தம் போல.

ஆனா ஒரு டவுட். இப்ப அவர்கிட்ட 50 ஃப்ரேம் கிளிப் இருக்கு. டைம்லைன் 25பி. அப்ப பாதி ஃப்ரேம் போகத்தானே போகுது? எதுக்கு இவ்ளோ கஷ்டம்?

வெட்டுமேசை:

இதுதான் உண்மையான கேள்வி. கோட்டைப் போக்குவது வெறும் துடைப்பு வேலை. இந்த நாலு மூலத்திலும் காலம் நாலு விதமாகத் துண்டாகியிருக்கிறது. எந்தத் துண்டுக்கு மற்றவற்றை இணங்க வைப்பது என்பதை முதல் கிளிப்பை இறக்குவதற்கு முன் முடிவுசெய்ய வேண்டும்.

25பி டைம்லைனில் டேப் கிளிப் ஒன்று விட்டு ஒன்றாக ஃப்ரேமை இழக்கும். அதனால் கெட்டுப்போகாது. அந்தக் கால கேமரா 50இல் ஒரு பங்கு நொடி ஷட்டரில் எடுத்திருந்தால் 40 மில்லிநொடி ஃப்ரேமில் 20 மில்லிநொடி மங்கல் இருக்கும், சினிமாக் கேமராவின் 180 டிகிரி ஷட்டர் போலவே. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் டேப்புக்கே உரிய அந்த வழுக்கல், கண்முன் நடப்பது போன்ற தோற்றம், போய்விடும்.

50பி டைம்லைனில் அது அப்படியே இருக்கும். 25பி கிளிப்புகள் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு முறை வரும், வழக்கம்போல் சினிமாத்தனமாகத் தெரியும். 30 ஃப்ரேம் போன் கிளிப்புக்கும் 50 கொஞ்சம் நல்லது. 25க்கு இறக்கினால் ஆறில் ஒரு ஃப்ரேம் காணாமல் போய் நொடிக்கு ஐந்து முறை தடுக்கும். 50இல் ஒரு ஃப்ரேம் இரண்டு முறை, இன்னொன்று இரண்டு முறை, அடுத்தது ஒரு முறை என்று போகும். சீராக இல்லை, ஆனால் எதுவும் தொலையவில்லை.

ஒளிபரப்புக்கு 1080ஐ (1080i) கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் 50பியில் வெட்டி முடித்துவிட்டுக் கடைசி ரெண்டரில் ஃபீல்டாக மாற்றிக்கொடுப்பேன். ஒவ்வொரு ஃப்ரேமிலிருந்தும் ஒரு ஃபீல்டு, கணக்கு நேர். அப்போது டைட்டிலில் ஒரு பிக்சல் தடிமனில் படுக்கைக் கோடு போட்டுவிடாதீர்கள். ஒரு ஃபீல்டில் மட்டும் இருந்து நொடிக்கு 25 முறை மினுக்கும்.

1936இல் பிபிசி 405 வரியில் ஒளிபரப்பு தொடங்கியபோதே இந்த அரைப்பட ஏற்பாடு வந்துவிட்டது. அலைவரிசை அகலத்தைக் கூட்டாமல் திரை மினுக்கலைக் குறைக்கும் தந்திரம். 4கேவுக்கான ரெக் 2020 தரத்தில் இன்டர்லேஸ்டுக்கு இடமே கிடையாது. ஆனாலும் நம் அலமாரி டேப்புகள் எங்கேயும் போகப்போவதில்லை.

மௌனகேமரா:

நான் மாறுபடுகிறேன். 50பியில் போட்டால் அந்த ஊஞ்சல் கட்டே உடையும். பழைய ஊஞ்சல் வழுக்கிக்கொண்டு வருகிறது, வெட்டியதும் புது ஊஞ்சல் 25இல் தத்தித் தத்திப் போகிறது. பார்ப்பவருக்கு ஃப்ரேம் வேகம் என்ற வார்த்தையே தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஏதோ இடறியது தெரியும். இரண்டும் ஒரே ஊஞ்சலாகத் தோன்ற வேண்டும் என்றால் இரண்டும் 25. வழுக்கல் போனால் போகட்டும்.

இரட்டைப்படை:

மௌனகேமரா சொல்வதில் பாதிதான் சரி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆமாம். அது ஏன் 25ஆக இருக்க வேண்டும்?

நாடாப்பெட்டி, 2002ஐத் திரும்ப எடுக்க முடியாது. அந்த ஊஞ்சல் இன்னும் இருக்கிறது, பாப்பாவும் இருக்கிறாள். புது கேமராவில் 50பி இருக்கும். அந்த ஒரு ஷாட்டை மட்டும் மறுபடி எடுங்கள். ஷட்டர் 50இல் ஒரு பங்கு, வெயிலாக இருந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸில் மாட்டிக்கொள்ளுங்கள்.

50 ஃப்ரேம் கையில் இருந்தால் இன்னொரு லாபம். உச்சியில் ஊஞ்சல் நிற்கும் அந்தக் கணத்தை நீட்ட வேண்டுமென்றால் அந்தப் பகுதியை மட்டும் பாதி வேகத்தில் ஓட்டலாம். 25பி டைம்லைனாக இருந்தாலும் ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு ஃப்ரேமாகி, கணினி இட்டுக்கட்டாத அசல் ஸ்லோமோஷன் கிடைக்கும்.

குறுந்திரை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடைய டிவிடி 29.97. ஃப்ரேமாக நகர்த்தினால் மூன்று சுத்தம், இரண்டு சீப்பு, மறுபடி மூன்று சுத்தம், இரண்டு சீப்பு. இதற்கும் பிடபிள்யூடிஃப்தானா?

இரட்டைப்படை:

இல்லை! அது 24 ஃப்ரேம் ஃபிலிமை 3:2 புல்டவுன் செய்து, அதாவது ஒரு படத்தை மூன்று ஃபீல்டாகவும் அடுத்ததை இரண்டு ஃபீல்டாகவும் விரித்து, 29.97 ஆக்கியது. டீஇன்டர்லேஸ் செய்யக்கூடாது, இன்வர்ஸ் டெலிசினி செய்ய வேண்டும். கிழிந்த ஃபீல்டுகளை உரிய ஜோடியோடு சேர்த்து, கூடுதலானதைக் கழித்தால் 23.976 முழுப்படம் வரும். மேற்கொண்டு வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், இவர் ஊஞ்சல் பாவம்.

நாடாப்பெட்டி:

தாமதத்துக்கு மன்னிக்கவும். க்யூடிஜிஎம்சி ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. ஹேண்டிகேம் கிளிப்புகளுக்கு ப்ரோக்ரெசிவ் என்று மாற்றியதும் வேறு எதையும் தொடவில்லை. போன் துண்டுகளில் இரண்டைத் தவிர மற்றவற்றைத் தூக்கிவிட்டேன், அவை இல்லாமலேயே படம் நன்றாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஷாட்டை 50பியில் மறுபடி எடுத்தேன். பாப்பா முதலில் நேராக உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்துக் குப்புறப் படுத்து ஆடினாள். ஆறாவது தடவையில்தான் கயிற்றைப் பிடித்தாள். இப்போது பழையது உச்சிக்குப் போய் நிற்கிறது, ஒரு ஃப்ரேம் கூட்டிக் குறைத்துப் பார்த்து வெட்டினேன், புதியது உச்சியிலிருந்து இறங்குகிறது. வேகம் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. 25பியிலும் ஒன்று ரெண்டர் செய்து அக்காவிடம் இரண்டையும் காட்டினேன். காரணம் சொல்லத் தெரியவில்லை, 50ஐத்தான் எடுத்தாள்.

மிச்சம் ஒரு குறை. டேப்பில் அக்கா மகள் போட்டிருக்கும் சிவப்பு ஃப்ராக், 1080க்கு மாற்றிய பிறகு ஆரஞ்சு அடிக்கிறது. புல்லும் கொஞ்சம் இருண்ட மாதிரி.

மௌனகேமரா:

576 வரிக் கோப்புக்கு நிறக் கணக்கு பிடி 601, எச்டிக்கு பிடி 709. பெரிதாக்கும்போது கணக்கை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றியிருப்பீர்கள். எச்டி அளவைப் பார்த்ததும் எடிட்டர் 709 என்று படிக்கிறது. மாற்றும் படியில் 601இலிருந்து 709 என்று வெளிப்படையாகக் கொடுத்து, விளைவுக் கோப்பிலும் 709 என்று முத்திரை போடுங்கள். கலர் கரெக்‌ஷனில் கைவைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், சிவப்பைப் பிடித்தால் முகம் போகும்.

நாடாப்பெட்டி:

கொடுத்தேன், புல் சரியாகிவிட்டது. ஃப்ராக்கும் டேப்பில் இருந்த மாதிரியே வந்துவிட்டது. இப்போது அக்கா சொல்கிறாள், அந்த ஃப்ராக் நிஜத்திலேயே கொஞ்சம் ஆரஞ்சுதானாம்.